ஜொடேரோ: தமிழில் ஆய்வேடு எழுதுபவர்களுக்குத் தேறுமா?

பிஎச்டி பதிவு செய்துவிட்டு கணினியில் முதலில் எதைப் போட வேண்டும் என்று கேட்கிற எல்லாருக்கும் நான் சொல்வது ஜொடேரோதான். மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் கவனித்துக்கொள்ளும் மென்பொருள் இது. அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-ல் வெளிவந்தது, இன்றுவரை இலவசம். தமிழ்த்துறையில் இருப்பவர்கள் இதை அறிவியல்காரர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அது பெரிய நஷ்டம்.

எழுத்துத்திருட்டு என்றதும் எல்லாரும் பயப்படுவது, நம் எழுத்து ஏற்கெனவே வெளிவந்தவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் ரிப்போர்ட்டில் காட்டும் சதவீதத்துக்குத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிமுறைப்படி இந்த ஒற்றுமை 10% வரை தண்டனை இல்லை, 40% வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60% வரை என்றால் திருத்தியதைக்கூட ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது, அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. இதைப் பார்த்து மிரண்டுபோய் சொற்களை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு சதவீதத்தைக் குறைக்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் புறநானூற்றுப் பாடல் ஒன்றுக்கு ஔவை சு. துரைசாமிப்பிள்ளை சொன்ன விளக்கத்தை நம் நடையில் எழுதிவிட்டு அவர் பெயரைப் போடாமல் விட்டால், ரிப்போர்ட்டில் 2% வந்தாலும் அது திருட்டுதான். யோசனை அவருடையது, சொற்கள் மட்டும்தான் நம்முடையவை. தமிழ் ஆய்வேடுகளில் எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான். பாட்டுக்கு எண் போடுகிறார்கள், உரைக்கு ஒன்றும் போடுவதில்லை.

இந்த இடத்தில்தான் ஜொடேரோ உண்மையாகவே உதவுகிறது. பட்டியலை அழகாக அடுக்கித் தருவது இருக்கட்டும், குறிப்பு எடுக்கிற கட்டத்திலேயே அது நம்மைக் காப்பாற்றுகிறது. 2022-ல் வந்த ஆறாவது பதிப்பிலிருந்து பிடிஎஃப்பை அதற்குள்ளேயே திறந்து வண்ணமடித்துக்கொள்ளலாம், அடித்ததையெல்லாம் ஒரே குறிப்பாகத் திரட்டினால் ஒவ்வொரு வரியின் பின்னாலும் நூலும் பக்க எண்ணும் ஒட்டிக்கொண்டே வரும், அந்தக் குறிப்பை வேர்டில் சேர்த்தாலும் மேற்கோள் கூடவே வந்துவிடும். ஆசிரியரின் சொற்களுக்கு மஞ்சள், நம் சொந்த யோசனையை எழுதும் இடத்துக்குப் பச்சை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்துக் குறிப்பைத் திறக்கும்போது எது அவர் சொன்னது எது நாம் நினைத்தது என்ற குழப்பம் வராது. தெரியாமல் நடக்கிற திருட்டில் பெரும்பங்கு இந்தக் குழப்பத்தில்தான் தொடங்குகிறது.

ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூல்களில் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, அதற்குப் பகுதியைக் கட்டம் போட்டு எடுக்கும் கருவி இருக்கிறது. அங்கே பக்க எண்ணை மட்டும் கண்ணால் சரிபார்த்துவிடுங்கள், முகவுரையெல்லாம் சேர்ந்து பிடிஎஃப்பின் 40-ஆம் பக்கம் நூலில் 24 ஆக இருக்கும்.

இனி குறைகள். நூலுக்கு நூல் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைக் கொடுத்தால் விவரம் தானாக வரும் என்பது தமிழ் நூல்களுக்கு நம்பிக்கையாக நடப்பதில்லை, பழைய பதிப்புகளுக்கு அந்த எண்ணே கிடையாது, எல்லாவற்றையும் கையால்தான் அடிக்க வேண்டும். நூல் என்ற வகையில் ஆசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்றெல்லாம் கட்டம் உண்டு, உரையாசிரியருக்கு இல்லை! சங்க இலக்கியத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது தினசரித் தலைவலி. நான் உரையாசிரியர் பெயரைத் தலைப்போடு சேர்த்து எழுதுகிறேன், பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை, ஆனால் பெயர் விடுபடாது. அப்புறம் பெயர்கள். முதலெழுத்து உள்ள பெயரென்றால் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்திலும் முதலெழுத்தை மற்றதிலும் போட்டால் சரியாக வந்துவிடுகிறது, ஆனால் தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை முழுதாக எழுதுகிறவர்களை அது அப்பா பெயரில்தான் பட்டியலிடும். பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி ஒரே கட்டமாக்கிவிட்டால் நீங்கள் அடித்தபடியே வரும்.

மூலத்தைப் பார்க்காமல் இன்னொருவர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பை அப்படியே இறக்குவதை இந்த மென்பொருள் தடுக்காது, தடுக்கவும் முடியாது. உ.வே.சா. 1894-ல் பதிப்பித்த புறநானூற்றை நீங்கள் பார்க்கவில்லையென்றால் எந்த நூல் வழியாக எடுத்தீர்களோ அதைத்தான் குறிக்க வேண்டும்.

கோப்புகளுக்கு இணையத்தில் 300 எம்பி மட்டுமே இலவசம், ஸ்கேன் பிடிஎஃப்கள் பத்து இருபது ஏறினாலே நிரம்பிவிடும். காசு கட்டத் தேவையில்லை, நூல் விவரங்களை மட்டும் இணையத்தில் ஒத்திசைத்துவிட்டு பிடிஎஃப்களை ஹார்டு டிஸ்க்கில் தனியாக ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இயலை எழுதத் தொடங்கும் முன்பே ஜொடேரோவைக் கணினியில் போட்டுவிடுங்கள், நாலு இயல் முடித்த பிறகு பழைய அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாக இதற்குள் கொண்டுவருவது பெரும்பாடு.