லினக்ஸ் மின்ட் டிரைவர் மேனேஜர்: புதிதாக வருகிறவர்கள் முதலில் திறக்க வேண்டியது

விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டோடு சேர்ந்தே வரும் சின்ன மென்பொருள் இது. வைஃபை, கிராஃபிக்ஸ் போன்ற பாகங்களை இயங்க வைக்கும் டிரைவர்களைப் போட உதவும். மெனுவில் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ பிரிவில் ‘டிரைவர் மேனேஜர்’ என்று இருக்கும். லினக்ஸ் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன என் நண்பர்களில் பெரும்பாலானோர் சொன்ன காரணம், ‘வைஃபை வரவில்லை’ அல்லது ‘ஸ்கிரீன் சரியில்லை’ என்பதுதான். இந்த இரண்டுக்கும் மருந்து இதற்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

நான் டியூஷன் எடுப்பவள். பாட வீடியோக்களை வெட்டி ஒட்ட ஒரு பழைய லேப்டாப் வைத்திருக்கிறேன். அது விண்டோஸ் 11-ஐ ஏற்காது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததும் மின்ட் 22-க்கு மாறினேன். ஒலி, டச்பேட், கேமரா, புளூடூத் எல்லாம் போட்டவுடனேயே வேலை செய்தன. பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. உற்பத்தி நிறுவனங்கள் மூலநிரலைத் திறந்து தராத சில டிரைவர்கள்தான் தனியாக வரும். டிரைவர் மேனேஜர் காட்டுவது முக்கியமாக அவற்றைத்தான். ஆகவே, திறந்ததும் ‘கூடுதல் டிரைவர் எதுவும் தேவையில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தி வந்தால் கவலைப்படாதீர்கள், நல்ல செய்திதான்.

என் மெஷினில் வைஃபையும் கிராஃபிக்ஸும் பாக்கி நின்றன. வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். புதியவர்கள் இங்கேதான் மனம் விட்டுப்போகிறார்கள். இந்த மென்பொருளை நான் மனதாரப் பாராட்டுவதும் இந்த இடத்தில்தான். இணையம் இல்லாமல் திறந்தால் அதற்கென்றே ஒரு திரை வரும். மின்ட்டை நிறுவப் பயன்படுத்திய அதே பென்டிரைவைச் செருகினால், அதைக் கண்டுகொண்டு, அதிலிருந்தே டிரைவரை எடுத்துக்கொள்ள வழி காட்டும். 2022 டிசம்பரில் வந்த 21.1 பதிப்பில் இந்தத் திரைகளைச் சேர்த்தார்கள். லைப்ரரியில், ரயிலில், இணையமே இல்லாத ஊரில் உட்கார்ந்துகூட வைஃபையை உயிர்ப்பிக்கலாம். புதியவர் எங்கே தடுக்கி விழுவார் என்று யாரோ அக்கறையோடு யோசித்துச் செய்த வேலை இது. அதனால் நிறுவி முடித்ததும் அந்தப் பென்டிரைவை அழித்துவிடாதீர்கள்.

உங்கள் வைஃபை சிப் எது என்று தெரியவில்லையென்றால் ‘சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்’ திறந்து பாருங்கள், நெட்வொர்க் வரியில் பெயர் இருக்கும். பிராட்காம் பிசிஎம்43142 என்று இருந்தால், டிரைவர் மேனேஜரில் ‘பிசிஎம்டபிள்யூஎல்’ (bcmwl) என்று தொடங்கும் தேர்வைத் தேடுங்கள். பென்டிரைவ் கைவசம் இல்லையா? ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங்கைப் போட்டால் போதும், அதற்கு எந்த டிரைவரும் தேவைப்படாது.

அப்புறம் கிராஃபிக்ஸ். என் லேப்டாப்பில் என்விடியா ஜீஃபோர்ஸ் 940எம்எக்ஸ். தொடக்கத்தில் ‘நூவோ’ என்ற திறந்த டிரைவரில் ஓடும். டாக்குமென்ட் அடிக்க, படம் பார்க்க அதுவே தாராளம். வீடியோ எடிட்டிங்குக்காக நான் நிறுவனத்தின் டிரைவருக்கு மாறினேன். பட்டியலில் 470, 535 என்று எண்களோடு பல பதிப்புகள் வரும். ‘ரெக்கமெண்டட்’ என்று குறித்ததைத் தேர்ந்தெடுங்கள், பெரிய எண்ணே சிறந்தது என்று நினைக்க வேண்டாம். ‘அப்ளை சேஞ்சஸ்’ அழுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. பிறகு டாஸ்க்பாரில் ஒரு ஐகான் வரும். எடிட்டிங்குக்கு என்விடியா, மற்ற நேரத்தில் பேட்டரி மிச்சப்பட இன்டெல் என்று அதில் மாற்றிக்கொள்கிறேன்.

நிறுவனத் தளத்துக்குப் போய் டிரைவரை நேரடியாக இறக்கும் விண்டோஸ் பழக்கத்தை இங்கே விட்டுவிடச் சொல்வேன். டிரைவர் மேனேஜர் வழியாகப் போட்டது மின்ட்டின் அப்டேட்டுகளோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும், கெர்னல் மாறினாலும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். கையால் இறக்கிப் போட்டதை ஒவ்வொரு முறையும் நீங்களேதான் கவனிக்க வேண்டும். இன்னொன்று, கிராஃபிக்ஸ் டிரைவரைத் தொடும் முன் ‘டைம்ஷிப்ட்’ திறந்து ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தின் அப்போதைய நிலையின் நகல், எடுத்து வையுங்கள். திரை கறுத்துப்போனாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

இதில் எனக்குப் போதாதது ஒன்று உண்டு. நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடக்கத்தில் ஓட விடும் ‘செக்யூர் பூட்’ இயங்கும் கணினியில் என்விடியா டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு அமைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை வரும், சில நொடிதான் நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் எம்ஓகே’ (Enroll MOK) தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் டிரைவர் போட்டும் வேலை செய்யாது. நீலத் திரை என்றாலே கணினி கெட்டுவிட்டது என்று பயப்படும் ஒருவருக்கு, ‘அடுத்து இது வரும், இப்படிச் செய்யுங்கள்’ என்று படத்தோடு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இவ்வளவு யோசித்தவர்கள் இதையும் செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

பிரிண்டரை இதில் தேடாதீர்கள், அது ‘பிரிண்டர்ஸ்’ பகுதியின் வேலை. வைஃபை வசதியுள்ள சமீபகாலப் பிரிண்டர்கள் பலவும் தனி டிரைவர் இல்லாமலே அங்கே தெரியும். ஹெச்பி பிரிண்டர்களுக்கான டிரைவர் தொகுப்பான ஹெச்பிலிப் மின்ட்டோடேயே வருகிறது. பழைய யூஎஸ்பி லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் மட்டும், மாறுவதற்கு முன்பே மின்ட்டைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்துவிடுங்கள்.