1915 சட்டமா, மெல்லோ-ரூஸா?

கலிஃபோர்னியாவில் புதுக் குடியிருப்புக்குச் சாலையும் சாக்கடையும் அமைக்க நகராட்சி பத்திரம் விற்றுக் கடன் வாங்க வேண்டுமா? பரவலான வழிகள் இரண்டு. பழையது 1915 மேம்பாட்டுப் பத்திரச் சட்டம். மற்றது 1982-இன் மெல்லோ-ரூஸ் சட்டம். 1978-இல் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் ஏற்ற 13-ஆம் முன்மொழிவு சொத்து வரிக்குக் கடிவாளம் போட்ட பிறகு பிறந்தது. இரண்டிலும் கடனை அடைப்பது மனை உரிமையாளர்கள்தான்.

1915 வழியில், ஒவ்வொரு மனைக்கும் கிடைக்கும் தனிப்பயனைப் பொறியாளர் அறிக்கை காட்டியாக வேண்டும். கடனில் உங்கள் மனையின் பங்கு முன்பே முடிவாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கட்டாமல் விட்டாலும் அது உங்கள் தலையில் விழாது. நகராட்சிக்குத்தான் தலைவலி: ஒரு மனை மூன்றாகப் பிரிந்தால் பாக்கியையும் மூன்றாகப் பிரித்துப் பதிய வேண்டும்.

மெல்லோ-ரூஸ் ஒரு வரி. தனிப்பயன் கணக்கு தேவையில்லை. பூங்கா, நூலகம், தீயணைப்பு நிலையம் எல்லாம் அடங்கும். இதை விதிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆனால் அந்தப் பகுதியில் பதிவான வாக்காளர் 12 பேருக்குக் குறைந்தால் நில உரிமையாளருக்கே வாக்கு, ஏக்கருக்கு ஒன்று. வெறும் நிலத்தில் யார் இருப்பார்? மனை போடும் நிறுவனம்தான். ஓட்டுப் போட்டவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர்! அடுத்தவர் பாக்கி வைத்தால் உங்கள் வரி 10% வரை ஏறலாம்.

இரண்டிலும் வசூல் பொதுவாகக் கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) சொத்து வரி ரசீது வழியேதான். பாக்கி நீண்டால் நகராட்சி நீதிமன்றம் போய் மனையை விற்கலாம். நிதி அதிகாரிக்கு மெல்லோ-ரூஸ் வசதி. வீடு வாங்குபவருக்கு என் ஓட்டு 1915-க்கே.