கொத்தடிமை மீட்பா, தூக்குத் தண்டனை எதிர்ப்பா: எங்கள் சின்ன அறக்கட்டளைப் பணம் போன வழி

அப்பா போன பிறகு, அவர் விட்டுச்சென்ற இரண்டு கடைகளின் வாடகையை அறக்கட்டளையாகப் பதிவு செய்தோம். நானும் அக்காவும்தான் அறங்காவலர்கள். செலவு போக வருஷத்துக்கு நாலரை லட்சம் கொடுக்க முடியும். கோவிலுக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் கொடுக்க ஊரில் ஆள் இருக்கிறது, யாரும் எட்டிப் பார்க்காத இடத்துக்குத்தான் இது போகணும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். தேடியதில் கடைசியாக இரண்டு குழுக்கள் மிஞ்சின. ஒன்று செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளை மீட்கிறது. மற்றது தூக்குத் தண்டனைக் கைதிகளின் வழக்குகளுக்கு உதவிக்கொண்டே, அந்தத் தண்டனையே சட்டத்தில் இருக்கக் கூடாது என்று போராடுகிறது. நாலு வருஷமாகப் பெரும்பகுதியைக் கொத்தடிமை மீட்புக்குத்தான் கொடுக்கிறோம்.

பதிவு, நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி சான்று, தணிக்கை அறிக்கை எல்லாம் இரண்டு பக்கமும் சரியாகவே இருந்தன. எது பெரிய கொடுமை என்ற பேச்சுக்கு நாங்கள் போகவே இல்லை. அதை அளக்க யாரிடமும் தராசு கிடையாது.

தூக்கு வழக்குகளில் பணம் எதற்கு வேண்டும் என்பது நேரில் பேசும்வரை எனக்குப் புரியவில்லை. நாங்கள் பார்த்த வழக்கறிஞர்கள் கட்டணம் கேட்கவில்லை. கைதியின் ஊருக்குப் போய்வர ஆள் வேண்டும் என்றார்கள். 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘அரிதிலும் அரிதான’ வழக்குக்கே தூக்கு என்று சொன்னது. குற்றத்தோடு குற்றவாளியின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்றது. 2022இல் மனோஜ் வழக்கில் அதை இன்னும் கறாராக்கியது: மனநல மதிப்பீடு, சிறை நடத்தை, குடும்பப் பின்னணி எல்லாம் விசாரணை நீதிமன்றத்திலேயே வந்தாக வேண்டும். யாராவது பழைய பள்ளிக்கூடப் பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டும், அம்மாவிடமும் பக்கத்து வீட்டாரிடமும் மணிக்கணக்காகப் பேச வேண்டும். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வில், தூக்கு விதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். அந்தக் குடும்பங்களால் இந்தச் செலவைச் சமாளிக்க முடியாது.

எங்களுக்குச் சிக்கல் வந்தது காலக்கணக்கில். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் 2011 செப்டம்பர் 9 என்று தூக்கு நாள் குறித்ததும், ஆகஸ்ட் 30இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்ததும் நமக்கெல்லாம் நினைவிருக்கும். தண்டனை ஆயுளாகக் குறைந்தது 2014இல்; பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18இல். திடீரென்று பத்து நாளில் எல்லாம் வேண்டும், பிறகு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குப் பணத்தை ஒதுக்கி வைத்திருக்கும் அறக்கட்டளைதான் சரிப்படும். வருமான வரி விதியோ வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த வருஷமே செலவழிக்கச் சொல்கிறது. காரணம் காட்டி உரிய படிவம் கொடுத்தால் ஐந்து வருஷம் வரை சேர்த்து வைக்கலாம். எங்கள் அளவுக்கு அது வேண்டாத சிக்கல் என்று ஆடிட்டர் தடுத்துவிட்டார்.

கொத்தடிமை பக்கம் சட்டம் பலமாகவே இருக்கிறது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி முன்பணக் கடன் மொத்தமும் செல்லாது. ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரித்து விடுதலைச் சான்று கொடுத்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. அதற்கு மேல் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து வந்தவர்களுக்கு 3 லட்சம் என்று மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் சொல்கிறது. “அரசே இவ்வளவு குடுக்குதுன்னா நம்ம காசு எதுக்குடா?” என்று அக்கா கேட்டாள்.

அதற்குப் பதில் திருவள்ளூர் பக்கம் ஒரு இருளர் குடியிருப்பில் கிடைத்தது. ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு பெண் தன் விடுதலைச் சான்றை எடுத்துக் காட்டினார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் செல்லோடேப் ஒட்டியிருந்தது. கூடவே ஒரு கோர்ட் சம்மன். “கோர்ட்டுக்குப் போற அன்னிக்குக் கூலிய யாரு சார் குடுப்பாங்க?” என்றார். பெரிய மறுவாழ்வுத் தொகையின் கடைசிப் பட்டுவாடா முதலாளி மீதான வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. சாட்சி சொல்லப் போகாவிட்டால் வழக்கு விழும், வழக்கு விழுந்தால் அந்தத் தொகையும் போகும். இதற்கிடையே அவர் வீட்டுக்காரரிடம் வேறொரு சூளை மேஸ்திரி 40,000 அட்வான்ஸ் தருவதாகப் பேசிவிட்டுப் போயிருந்தார்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: மீட்ட நாளுக்குப் பிந்தைய இரண்டு மூன்று வருஷத்துக்கு யார் பொறுப்பு? முதல் வருஷம் நாங்கள் கொடுத்த குழு, மீட்ட அன்றைக்குப் பேனரோடு படம் அனுப்பியது. மறு சீசனில் அந்தக் குடும்பங்களில் பாதி வேறு சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தன. கேட்டபோது “அந்த புராஜெக்ட் முடிஞ்சிடுச்சு சார்” என்றார்கள். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. அடுத்த வருஷம் வேறு குழுவுக்கு மாறி, பணத்தைக் களப்பணியாளர் ஒருவரின் சம்பளத்துக்கு என்றே எழுதிக் கொடுத்தோம். மாதம் 15,000, பெட்ரோல் தனி. வாய்தா நாளில் சாட்சிகளுக்குக் கூலியும் சாப்பாடும். வங்கிக் கணக்கு, ஆதார் திருத்தம், இருளர் என்ற சாதிச் சான்றுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நாலைந்து நடை. அந்தச் சான்று கையில் இல்லையென்றால் பிள்ளையின் உதவித்தொகை நிற்கும், பழங்குடியினருக்கான வீட்டுத் திட்டமும் எட்டாது. படம் எடுத்து அனுப்ப இதில் எதுவுமே இல்லை, அதனால் பணம் கொடுக்கவும் ஆள் இல்லை. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அப்படி வாங்கிய பணத்தைப் பெரிய அமைப்புகள் சிறிய குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. உள்ளூர் பணம்தான் இந்த வேலைக்கு வழி.

ஆகவே நீங்கள் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது, எத்தனை பேரை மீட்டீர்கள் என்பதை அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் மீட்ட குடும்பங்களின் பதிவேட்டைக் கேளுங்கள். இப்போது எங்கே இருக்கிறார்கள், புதுக் கடன் உண்டா, பிள்ளைகள் எந்த வகுப்பு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இன்னொன்று: 2023 ஏப்ரல் முதல், ஒரு அறக்கட்டளை இன்னொரு அறக்கட்டளைக்குக் கொடுக்கும் தொகையில் 85 சதவீதம் மட்டுமே செலவாகக் கணக்காகும். ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசிவிட்டே காசோலை எழுதுங்கள்.

நான் பார்த்தது சூளையும் மரம் வெட்டுமிடமும் மட்டும்தான். நூற்பாலைப் பெண்கள் விஷயத்தில் இதே கணக்கு பொருந்துமா என்று என்னை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தூக்கு வழக்குகளில் என் அனுபவம் இன்னும் குறைவு. சூளைக்குத் திரும்பிப் போன குடும்பத்தை மறுபடி மீட்க முடியும், தூக்கில் போட்டவரை மீட்க முடியாது என்று அக்கா சொன்னதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அதனால் வருஷா வருஷம் 60,000 அந்தக் குழுவுக்கும் போகிறது, ஊர் ஊராகப் போய்வரும் பயணச் செலவுக்கு என்று. உங்கள் அறக்கட்டளை பெரியது, ஐந்து வருஷத் தொகையை ஒதுக்கி வைக்க முடியும் என்றால், நீங்கள் எங்களுக்கு நேர்மாறாக முடிவெடுத்தாலும் சரியாகவே இருக்கும்.

போன மாதம் அந்தப் பெண்ணின் வழக்கில் சாட்சி விசாரணை. காலை ஆறு மணி பஸ்ஸில் நாலு பேர் போனார்கள். மாலை வரை காத்திருந்தும் இரண்டு பேர் சாட்சியம்தான் முடிந்தது, மற்ற இருவருக்கும் வாய்தா. அடுத்த தேதிக்கான கூலியையும் பஸ் காசையும் களப்பணியாளரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.