ரங்கூன் மழையில் ஜப்பான் பலகாரம்: இனிப்பை முதலில் தின்னுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அல்வாவும் ஜிலேபியும் தின்று வளர்ந்த நாக்கோடு ஜப்பான் இனிப்புக் கடைக்குப் போனால் முதல் வாயில் ஏமாந்துதான் போவீர்கள். நெய் கிடையாது, பால் கிடையாது, ஏலக்காய் வாசம் கிடையாது. பயறு, அரிசி மாவு, சர்க்கரை, கடற்பாசி, பெரும்பாலும் அவ்வளவுதான். நானும் முதல் தடவை போனபோது இதற்கா இவ்வளவு காசு என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பியவள்தான்.

கடை பாஹான் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது, மொத்தம் ஆறு மேஜை. பெயரை எழுதவில்லை, கீழே இரண்டு மூன்று குறை சொல்லப்போகிறேன், சின்னக் கடையைச் சந்தியில் நிறுத்த மனமில்லை.

இந்தத் தடவை ஜூன் கடைசி வாரம், மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிற ஒரு மத்தியானம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா பயின்னவுங் சந்தையில் ஒரு பயறு மண்டியில் 25 வருஷம் கணக்கு எழுதியவர், அது ஏன் முக்கியம் என்று அப்புறம் சொல்கிறேன். ஒரு இனிப்பும் ஒரு கிண்ணம் மாட்சாவும் (பச்சைத் தேயிலைப் பொடியில் போடும் டீ) சேர்த்து 18,000 கியாட். அப்பா விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தக் காசுக்கு டீக்கடையில பத்து லப்பெயெ குடிக்கலாமே" என்றார். தப்பில்லை, குடிக்கலாம்.

எனக்கு வந்தது அஜிசாய், அதாவது ஹைட்ரேஞ்சியா பூ. ஜப்பானில் ஜூன் மழையில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் என்பதால் அந்த மாதத்துக்கு அந்த இனிப்பு. எலுமிச்சை அளவு வெள்ளை உருண்டை, அதன் மேல் நீலமும் ஊதாவுமாகப் பொடிப் பொடியாக நறுக்கிய கடற்பாசித் துண்டுகள். நாம் சௌக்ச்சோ என்ற பர்மிய ஜெல்லி செய்யப் போடும் அதே கடற்பாசிதான், ஆனால் இங்கே ஒவ்வொரு துண்டும் மிளகு அளவுதான், ஜன்னல் வெளிச்சத்தில் மழைத்துளி மாதிரி மின்னியது. வெட்டித் தின்பதற்கு குரோமொஜி என்ற மரக்குச்சி, ஒரு பக்கம் பட்டையை உரிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். குச்சியை அழுத்தினால் உருண்டை உதிராமல், ஒட்டாமல், வெண்ணெய் மாதிரி இரண்டாகப் பிரிகிறது.

அப்பா எடுத்த எடுப்பில் மாட்சாவைக் குடித்துவிட்டு வேப்பங்கொழுந்து தின்ற மாதிரி முகத்தைச் சுளித்தார். பரிமாறுகிற பெண் சிரித்துக்கொண்டே வந்து, இனிப்பை முழுக்கத் தின்று முடித்துவிட்டு அப்புறம் குடியுங்கள் என்றாள். நாம் டீயையும் பலகாரத்தையும் மாறி மாறிச் சாப்பிடுகிற ஆட்கள், இங்கே அப்படியில்லை. வாயெல்லாம் இனிப்பு படிந்திருக்கும்போது அந்தப் பச்சைக் கசப்பு இறங்கினால், கசப்பு பாதி குறைந்து இலை வாசம் மேலே வருகிறது. தனியாகத் தின்றால் இனிப்பு சப்பென்றுதான் இருக்கும். முதல் தடவை நான் செய்த தப்பும் இதுதான், டீயைக் குடித்து முடித்துவிட்டு இனிப்பைத் தின்றேன்.

இனி பயறு விஷயம். வெள்ளை உருண்டை எதில் செய்தது என்று அப்பா கேட்டார். உள்ளூர் பட்டர் பீன்ஸ், ஊற வைத்து, வேக வைத்து, தோல் நீக்கி, தண்ணீர் தெளியும் வரை பல தடவை கழுவி, பிழிந்து, அப்புறம் சர்க்கரை போட்டுக் கிளறுவது என்றாள் அந்தப் பெண். அப்பா குச்சியைக் கீழே வைத்துவிட்டார். சுல்தானி, சுல்தாப்யா, பட்டர் என்று மூட்டை மூட்டையாக ஜப்பானுக்குக் கணக்கு எழுதினாராம், அங்கே என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதாம். இந்தப் பயறில் இயற்கையாகவே சயனைடு சேர்மம் கொஞ்சம் உண்டு. அதனால் ஜப்பான் சட்டப்படி விழுது அரைக்க மட்டும்தான் இதை எடுக்கலாம், அதுவும் கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அத்தனை தடவை கழுவுவது சும்மா இல்லை. "இத்தனை வருஷம் ஏத்தி அனுப்பினேன், ஒரு வாய் தின்னதில்ல" என்று சொல்லிவிட்டு என் தட்டில் இருந்த மீதிப் பாதியையும் எடுத்துக்கொண்டார்.

மினாசுகியும் இருந்தது. கியோட்டோவில் ஜூன் 30 அன்று தின்பார்களாம், வெள்ளை முக்கோணம், பனிக்கட்டித் துண்டு என்று கணக்கு. மேலே சிவப்பு அசுக்கிப் பயறு, கெட்டதை விரட்டுமாம். நன்றாக அவித்திருந்தார்கள், மென்றால் பல்லுக்கு இதமாக இருந்தது.

குறைகளுக்கு வருகிறேன். தைஃபுக்கு, அதாவது பயறு விழுது வைத்த அரிசி மாவு உருண்டை, கேட்டால் ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்து வைத்தார்கள், மேல்தோல் ரப்பர். கௌனின் என்ற ஒட்டும் அரிசி மாவில் செய்த எதுவும் குளிரில் கல்லாகிவிடும், திஞ்சான் புத்தாண்டுக்கு மொண்லொன்யேபோ கொழுக்கட்டை உருட்டிய எந்த வீட்டிலும் இது தெரியும், ஜப்பான் கடைக்குத் தெரியாதா? மொனாக்கா இன்னும் மோசம், மொறுமொறு என்று இருக்க வேண்டிய அரிசி ஓடு மழைக்கால ஈரத்தில் நமுத்துப்போய் சாம்பாரில் போட்ட அப்பளம் மாதிரி. ஜப்பானில் ஓட்டையும் விழுதையும் தனித்தனியாகக் கொடுத்து நம்மையே சேர்த்துத் தின்னச் சொல்வதும் உண்டு, இங்கே மழை முடியும் வரையாவது அப்படிச் செய்யலாம். என் மாட்சா வேறு பாதி ஆறித்தான் வந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் அதற்கு மட்டும் மன்னிப்பு.

வெள்ளிக்கிழமை சைவக்காரர்களுக்கு: யோகான் என்ற பயறு விழுதுக் கட்டி கடற்பாசியில் உறைவது, ஜெலட்டின் இல்லை, தாராளமாகத் தின்னலாம். பயறு விழுது வைத்த அப்பமான தோராயாகியில் முட்டை இருக்கிறது, காஸ்டெல்லா கேக்கிலும்தான்.

மூன்று மணிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் அஜிசாய் தீர்ந்து, அந்த ரப்பர் தைஃபுக்குதான் மிச்சம் இருக்கும்.