இன்ஃபார்ம், ட்வைன், இங்க்: போட்டிக்கான உரைச் சாகச விளையாட்டுக்கு எது பொருந்தும்?

எழுத்தைப் படித்தே ஆடும் உரைவழிச் சாகச விளையாட்டு ஒன்றைப் போட்டிக்கு அனுப்ப விரும்புவோர், அதை உருவாக்கும் கருவிகளான இன்ஃபார்ம் 7, ட்வைன், இங்க் ஆகிய மூன்றில் எதை எடுப்பது என்று பெரும்பாலும் தயங்குகிறார்கள். மூன்றுமே இலவசம் என்பதால் விலை ஒரு பொருட்டல்ல. போட்டியின் விதிகள்தாம் பொருட்டு. உரைவழி விளையாட்டுகளுக்காக 1995 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் ஐஎஃப்காம்ப் போட்டிக்கு மாதக்கணக்கில் உழைக்கலாம்; ஆனால் நடுவர்கள் முதல் இரண்டு மணி நேர ஆட்டத்தை வைத்தே மதிப்பெண் இட வேண்டும். லூடம் டேர் என்னும் குறுகிய கால விளையாட்டு உருவாக்கப் போட்டியின் தனிநபர் பிரிவிலோ, கருப்பொருள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் ஒருவரே முடித்தாக வேண்டும்.

கிரஹாம் நெல்சன் உருவாக்கி 2006இல் வெளியான இன்ஃபார்ம் 7, விளையாடுபவர் கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஆடும் வகைக்கானது. அதன் நிரல் ஏறத்தாழ ஆங்கில உரைநடையாகவே இருக்கும். அறையில் ஒரு பெட்டி உள்ளது, அது பூட்டியிருக்கிறது, இந்தச் சாவி அதற்குரியது என்று எழுதிவிட்டால், எடுப்பது, வைப்பது, பூட்டுவது, திறப்பது எல்லாம் தாமாகவே இயங்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. விளையாடுபவர் அந்தப் பெட்டியை உடைக்கப் பார்ப்பார், அதன்மேல் ஏறுவார், அதற்குள் ஒளிந்துகொள்ள முயல்வார். ஆசிரியர் எதிர்பாராத ஒவ்வொரு கட்டளைக்கும் கருவியின் பொதுவான மறுப்பு வாசகமே திரும்பத் திரும்ப வரும். விடை தெரிந்தும் சரியான வினைச்சொல் கிடைக்காமல் நடுவர் திணறினால், அவருடைய இரண்டு மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும். இதைத் தவிர்க்க, முன்பின் அறியாத சிலரை ஆடச் சொல்லி, அவர்கள் தட்டச்சு செய்ததை வரி வரியாகப் படித்துத் திருத்துவதைத் தவிர வழியில்லை. 48 மணி நேரத்தில் அது நடக்கிற காரியமல்ல.

கிறிஸ் கிளைமஸ் 2009இல் வெளியிட்ட ட்வைனில், விளையாடுபவர் இணைப்புகளைச் சொடுக்கியே ஆடுவதால், இந்தத் தொல்லை கிடையாது. ஒரு சொற்றொடரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால் அது இணைப்பாகிவிடும். அது செல்ல வேண்டிய புதிய பக்கமும் உருவாகிவிடும். முடிவில் கிடைப்பது உலாவியில் திறக்கும் ஒரே ஒரு கோப்பு. நிரல் எழுதியே பழகாதவருக்கு இதைவிட எளிய தொடக்கம் இல்லை. ஆயினும் பக்கங்கள் பெருகப் பெருக, கதை வரைபடத்தில் அவற்றை இணைக்கும் அம்புக்குறிகள் பின்னிக்கொண்டு எது எங்கே போகிறது என்பதே விளங்காமல் போகும். ட்வைனில் தேர்ந்தெடுக்கக்கூடிய ஹார்லோ, சுகர்கியூப் போன்ற கதை வடிவங்களுக்குத் தனித்தனி இலக்கணம் இருப்பதால், பாதி வழியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக் கூடாது. இணையப் பதிப்பில் எழுதுவது உலாவியிலேயே சேமிக்கப்படுகிறது. உலாவியின் தரவை அழித்தால் கதையும் போய்விடும் என்பதால், அன்றன்றைக்குப் பிரதி எடுத்து வைப்பது நல்லது.

இங்கிள் என்னும் விளையாட்டு நிறுவனம் 2016இல் திறமூலமாக்கிய இங்க்கையே நான் குறுகிய காலப் போட்டிகளுக்குப் பரிந்துரைப்பேன். கதை முழுவதும் சாதாரண உரைக்கோப்பில் மேலிருந்து கீழாக ஓடுகிறது. விளையாடுபவர் முன் வைக்கப்படும் தெரிவுகளில், நட்சத்திரக் குறியிட்டது ஒருமுறை பயன்பட்டதும் மறைந்துவிடும். கூட்டல் குறியிட்டது நிலைத்திருக்கும். பிரிந்த உரையாடல்கள் சிறுகோட்டுக் குறி (-) இட்ட வரியில் மறுபடி ஒன்றுசேரும். இன்கி என்னும் எழுதுகருவியில், எழுதுவது பக்கத்திலேயே ஓடிக் காட்டப்படும். எல்லாத் தெரிவுகளும் தீர்ந்துபோய்க் கதை நடுவழியில் நின்றுவிடும் பிழையை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐஎஃப்காம்ப்பில் இன்ஃபார்மை எடுப்பது, பொருள்களைக் கையாள்வதிலேயே புதிர் அமைந்திருந்தால் மட்டுமே தகும். அப்போதும் அறைகளைக் குறைத்துக்கொண்டு, மிஞ்சும் வாரங்களைச் சோதனைக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

விளையாட்டையே தமிழில் எழுதுவதானால் கணக்கு மாறிவிடுகிறது. இன்ஃபார்மின் உள்ளமைந்த இலக்கணம் வினையை முன்னும் பெயரைப் பின்னும் எதிர்பார்க்கிறது; ‘பெட்டியைத் திற’ என்பதைப் புரிய வைக்க, வேற்றுமை உருபுகளில் தொடங்கி மறுப்பு வாசகங்கள் வரை அனைத்தையும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். மற்ற இரண்டிலும் விளையாடுபவர் சொடுக்குவதோடு சரி. இங்க்கில் பகுதிகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, கதையைத் தமிழிலேயே எழுதிச் செல்லலாம்.