ஃப்ளூ ஊசியா, என்95 முகக்கவசமா?

2009 ஏப்ரலில் மெக்சிகோவில் பன்றிக் காய்ச்சல் பரவியபோது கியூபாவும் அர்ஜென்டினாவும் அந்நாட்டுக்கான விமானச் சேவையை நிறுத்தின. பயணம் போக இருந்தவர்களுக்கு அப்போது ஊசி என்ற வழியே இல்லை. அந்த வைரஸுக்கான தடுப்பூசி வர மாதக்கணக்கில் ஆனது. வழக்கமான பருவக் காய்ச்சலான ஃப்ளூவுக்கோ ஊசி, என்95 முகக்கவசம் இரண்டும் கிடைக்கின்றன.

ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய 2 வாரம் பிடிக்கும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். பரவும் வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்திய ஆண்டிலும் நோய் வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். ஆனால் காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்கு முற்றும் அபாயம் குறைகிறது. முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை அல்லது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

என்95 மாட்டிய நிமிடமே வேலை செய்யும். முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், அவ்வளவுதான். தாடி இருந்தால் பக்கவாட்டில் காற்று நுழைந்துவிடும். சரி, ராத்திரி ரயிலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கழற்றாமல் யார் இருப்பார்கள்?

பயணத்துக்கு ஒரு மாதம் இருந்தால் என் ஓட்டு ஊசிக்கு. நாளை மறுநாள் கிளம்புகிறீர்களா? முகக்கவசம். உங்களுக்கே காய்ச்சல் தொடங்கிவிட்டால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.