நட் பட்டரை அளக்க: தராசா, கப்பா, ஸ்பூனா?

சமையல் குறிப்பில் 200 கிராம் பீனட் பட்டர் என்றிருக்கிறது. கையில் இருப்பதோ கப்பும் ஸ்பூனும். உடனே 200 மில்லி கோடு வரை நிரப்பிவிடத் தோன்றும். தண்ணீருக்கு அந்தக் கணக்கு சரி. பீனட் பட்டர் தண்ணீரைவிடக் கனம் என்பதால், 200 மில்லி எடுத்தால் 218 கிராம் போல வந்துவிடும்.

சரியான கணக்கு இது: அமெரிக்கக் கப் ஒன்றுக்கு (சுமார் 237 மில்லி) 258 கிராம், டேபிள்ஸ்பூனுக்கு 16 கிராம். அப்படியானால் 200 கிராம் என்பது பன்னிரண்டரை டேபிள்ஸ்பூன். அதாவது முக்கால் கப்பும், மேலே அரை டேபிள்ஸ்பூனும். பாதாம் பட்டர் கப்புக்கு 250 கிராம். எட்டே கிராம்தான் வித்தியாசம், அதற்காக ஒவ்வொரு நட் பட்டருக்கும் தனி அட்டவணை தேட வேண்டியதில்லை. எந்த நாட்டுக் கப் என்பதுதான் பெரிய விஷயம். 250 மில்லி மெட்ரிக் கப்பில் அதே பீனட் பட்டர் 270 கிராமைத் தாண்டும். ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி. அதில் 21 கிராமுக்கு மேல் பிடிக்கும்.

இனி எதால் அளப்பது? கப்பில் அளப்பதை நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன். கெட்டியான பட்டர் அடிவரை இறங்காமல் நடுவில் காற்றுப் பொந்து விடும். கவிழ்த்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு பாதி வராது. உள்ளே லேசாக எண்ணெய் தடவினால் வழுக்கி இறங்கும், அவ்வளவுதான். ஸ்பூன் பரவாயில்லை, ஆனால் தலைதட்டி அளக்க வேண்டும். குவித்து எடுத்த டேபிள்ஸ்பூன் சர்வசாதாரணமாக 20 கிராமைத் தாண்டும்.

நீர் முறை ஒன்றும் உண்டு. அளவுக் கோப்பையில் அரை கப் தண்ணீர் ஊற்றி, மட்டம் ஒரு கப் கோட்டுக்கு ஏறும்வரை பட்டரைப் போட்டால், போட்டது அரை கப். ஒட்டாமல் வந்துவிடும், பார்க்கவும் வேடிக்கையாக இருக்கும். ஆனால் கூடவே சில சொட்டுத் தண்ணீரும் வரும். உருக்கிய சாக்லேட்டில் அது விழுந்தால் சாக்லேட் திரிதிரியாக இறுகிவிடும். அந்த வேலைக்கு இது வேண்டவே வேண்டாம்.

தராசு இருந்தால் நான் செய்வது இப்படி. பாட்டிலையே தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, உள்ளிருந்து வழித்து வழித்து நேராக மாவில் போடுவேன். திரையில் -200 வந்ததும் நிறுத்திவிடலாம். கழுவ ஒரு ஸ்பூன் மட்டும்தான்!

எதில் அளந்தாலும் முதலில் அடிவரை கலக்கிவிடுங்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. மேலே மிதப்பதை மட்டும் எடுத்தால் கொழுப்பு கூடி எடை குறையும், அடியில் மிஞ்சுவது களிமண் மாதிரி இருக்கும். மாவே சேர்க்காமல் நட் பட்டர், சர்க்கரை, முட்டை மூன்றை மட்டும் வைத்துச் செய்யும் குக்கீயில் இது உடனே தெரியும். எண்ணெய் கூடினால் தட்டில் பரந்து ஓடும். சாஸ், ஸ்மூத்தி எல்லாம் கண்ணளவே போதும்.

அப்புறம், ஒரு டீஸ்பூன் வேண்டுமென்றால் தராசை எடுக்காதீர்கள். அது 5 கிராம் சொச்சம்தான். ஒவ்வொரு கிராமாகத் தாவும் சமையலறைத் தராசைவிடத் தலைதட்டிய டீஸ்பூன் அங்கே நம்பகமானது.